அவள் உயரத்துக்கு ஒரு மேடை

அவருக்கும் பெற்றவர்கள் ஆசையாய் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அதைச் சொல்லி விசாரித்தால் அக்கம்பக்கத்தில் ஒருவருக்கும் தெரியாது. டூலெட்காரர் என்றால் குழந்தைகூட வீட்டைக் காட்டும். 'வீடு வாடகைக்கு' என்று எழுதிய தகரப் பலகை அவர் காரின் பின்பக்கம் எப்போதும் கிடக்கும். வண்டி ஓட்டும்போது கண் சாலையில் நிற்காது, பூட்டிக் கிடக்கும் வீடுகள் மேலேயே ஓடும்.

"ரோட்டப் பாருங்க. அந்த வீடு எங்கயும் எழுந்து ஓடிடாது" என்பாள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவி.

யாரும் சீந்தாத வீடாகப் பார்த்து வாங்குவது, பழுது பார்ப்பது, வாடகைக்கு விடுவது, அதில் வருவதை வைத்து அடுத்த வீட்டைப் பிடிப்பது. இதுதான் தொழில். ஆனால் மற்றவர்களைப் போல வெளியிலிருந்து ஆள் வைத்து வேலை வாங்கமாட்டார். பெண்டாட்டியும் பெட்டியுமாக அந்த இடிபாட்டுக்குள்ளேயே குடி போய்விடுவார். உள்ளே படுத்து எழுந்தால்தான் வீட்டின் நோய் தெரியும் என்பது அவர் கட்சி. உண்மையைச் சொன்னால், நோயைக் கண்டுபிடிப்பதெல்லாம் அவள்தான். எந்தச் சுவரில் ஓதம் ஏறுகிறது, எந்தக் குழாய் ராத்திரியில் முனகுகிறது, எந்த ஜன்னல் மழைக்கு மூடாது என்று அவள் சொல்வாள். இவர் சரி பண்ணுவார். கைராசிக்காரர் என்ற பேர் மட்டும் இவருக்கு.

வீடு வீடாக ஆன மறுவாரம் அவர்கள் கிளம்பிவிடுவார்கள். புது டைல்ஸில் முதல் அடுப்பை வேறு யாராவது பற்றவைப்பார்கள். அவள் அடுத்த இடிபாட்டில் சிமெண்ட் தூசியைத் தட்டிவிட்டுச் சோறு வடிப்பாள். குளியலறைக் கதவு எப்போதும் கடைசி வேலை. "நாம ரெண்டே பேர், பிள்ளையா குட்டியா, என்ன அவசரம்" என்பார். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரு பழைய போர்வையைத் தொங்கவிட்டுக்கொண்டு, உள்ளே ஆள் இருப்பது தெரிய இருமிக்கொண்டே குளித்தவள். "எனக்கும் தாழ்ப்பாளுக்கும் இந்த ஜென்மத்துல ஒத்துவராது போல" என்று சிரிப்பாள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அது சிரிக்கிற விஷயமில்லை என்று அவருக்கு உறைக்கவே இல்லை.

இன்னொன்று, அவள் குள்ளம். சமையல் மேடைகளோ ஊர் உயரத்துக்குக் கட்டியவை. காலி பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் நின்றுதான் அவள் சமைப்பாள். வீடு மாறும்போது முதலில் வண்டி ஏறுவது அந்த வாளி.

மூலை வீட்டை வாங்கியபோதுதான் அவள் முதல் முறையாக வாயைத் திறந்து கேட்டாள். சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம், காலை வெயில் நேராக உள்ளே விழும்.

"ஏங்க, இது நமக்கே இருக்கட்டுங்க. இதுக்கு மேல என்னால மூட்டை கட்ட முடியாது."

அவள் குரலில் இருந்த களைப்பு அவரைக்கூடத் தொட்டுவிட்டது. சரி என்றார். கொத்தனாரை வரவழைத்து, அவளை மேடைக்கு முன்னால் நிறுத்தி, அவள் முழங்கை மடங்குகிற இடத்தில் சுவரில் பென்சிலால் கோடு போட்டார். அந்தக் கோட்டுக்குச் சமமாக மேடை எழுந்தது. குளியலறைக்கு முதல் வேலையாகக் கதவு. தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டு, இழுத்து இழுத்துப் பார்த்தார். அவள் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தாள். அந்த நாட்களில் அவள் முகத்தைப் பார்த்தவர்கள் புதுப்பெண் என்றே சொல்வார்கள்.

இந்த முறை மட்டும் வேலை முடியும்வரை, பாதி பழுது பார்த்த பழைய வீட்டிலேயே இருந்தார்கள். அங்கிருந்து குடி போவதற்குப் பெட்டி கட்டும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அறுவை சிகிச்சை, அதன்பின் காய்ச்சல், இருப்பு நீண்டுகொண்டே போனது.

இந்த இடத்தில் அந்த மனிதரைப் பிடித்து நாலு அறை விடலாம் போலிருக்கிறது. மருந்துக் கடை வரிசையில் நிற்கும்போது தரகர் போன் செய்தார்.

"அண்ணே, தங்கமான குடும்பம். மூலை வீடு பூட்டித்தானே கெடக்கு?"

வீடு பூட்டிக் கிடக்கக் கூடாது. இது அவர் ரத்தத்தில் ஊறிய பழக்கம். எப்படியும் இவள் தேறி எழுந்து நடமாட நாளாகும், அதுவரை சும்மாதானே கிடக்கும் என்று கணக்குப் போட்டார். ஒரு வருஷத்துக்கு என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, மாத்திரையை வாங்கிக்கொண்டு மாடி ஏறினார். அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாக அவருக்குத் தோன்றவும் இல்லை.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். வயிற்றில் இருப்பது போகாது, இருக்கிற மாதங்களை நிம்மதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வருஷம் என்ற சொல்லையே அவர் எடுக்கவில்லை.

காரில் வரும்போது அவள் சொன்னாள், "ஏங்க, வலது பக்கம் திரும்பணும்."

அவர் இடது பக்கம் திருப்பினார். பழைய பாதி வீட்டுக்குப் போகும் பக்கம். கொஞ்ச தூரம் போய் ஓரமாக நிறுத்தி, விஷயத்தைச் சொன்னார்.

அவள் கேட்டாள், "நான் திரும்பி வரமாட்டேன்னு நெனச்சுட்டீங்களா?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லம்மா. வீடு சும்மா கெடக்குதேன்னுதான்..."

"நானுந்தான் ஆஸ்பத்திரில சும்மா கெடந்தேன்."

அவளுக்குக் கோபம்தான். சாதுவானவள் என்று சொல்லி அதை மறைக்க வேண்டியதில்லை. வீடு வந்து சேரும்வரை அவர் பக்கம் திரும்பவே இல்லை.

மறுவாரம் குடியிருப்பவர்களிடம் காலில் விழாத குறையாகக் கேட்டு வீட்டைத் திரும்ப வாங்கிவிடுவது என்று கிளம்பினார். நானும் வருகிறேன் என்றாள். கதவைத் திறந்தது நெடுநெடுவென்று உயரமான ஒரு பெண். முன்னறையில் கட்டில். அதில் இடுப்பு எலும்பு முறிந்து அவள் மாமியார் படுத்திருந்தாள்.

"வாங்கக்கா, வாங்க சார். குடி வந்த மறுநாளே அத்தை விழுந்துட்டாங்க. தூக்கிப் படுக்க வெச்சதிலேருந்து அசைக்கக் கூடாதுன்னுட்டாங்க" என்றபடி தேநீர் போடப் போனாள்.

அவள் பின்னாலேயே மனைவியும் சமையலறைக்குப் போனாள். ஜன்னலில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. மேடைமேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தாள். வாளி இல்லாமல், எக்காமல், முழங்கை சரியாக மடங்கியது. வாசலில் நின்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா" என்றாள் அந்தப் பெண். "வீடு ரொம்பப் பிடிச்சிருக்கு. இந்த மேடை ஒண்ணுதான். யாருக்காகக் கட்டினாங்களோ, குனிஞ்சு குனிஞ்சு முதுகே போச்சு. கொஞ்சம் ஏத்தித் தர முடியுமா?"

இதுதான் சமயம் என்று அவர் வாயைத் திறந்தார். மனைவி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். திறந்த வாய் மூடிக்கொண்டது.

"ஏத்தித் தரச் சொல்றேம்மா" என்றாள். கையை உடனே எடுத்துவிடவில்லை. "பாத்ரூம் போயிட்டு வந்துடவா?"

கதவு சாத்துவதும் தாழ்ப்பாள் விழுவதும் கேட்டன. சற்றுக் கழித்துத் தாழ்ப்பாள் திறந்தது. ஆனால் அவள் வரவில்லை. மறுபடி விழுந்தது. மறுபடி திறந்தது, விழுந்தது. அதன்பின் உள்ளே சத்தமே இல்லை. இருமல்கூட இல்லை. தேநீர் ஆறி ஆடை கட்டியது.

காரில் ஏறியதும் அவர், "நான் கேட்டிருப்பேம்மா" என்றார்.

"தெரியும். வேண்டாம். கெடையில இருக்கறவங்களத் தூக்கிக்கிட்டு வீடு தேடறது என்ன கொடுமைன்னு உங்களுக்குத் தெரியாது. மூட்டை கட்டினவ நான்." வண்டி கிளம்பியதும், "தாழ்ப்பாள் நல்லா விழுதுங்க" என்றாள்.

அன்று சாயங்காலமே பாதி வீட்டுக் குளியலறைக்குக் கதவு வாங்கி வந்து, தானே மாட்டினார். கீல் இரண்டு முறை கோணலாகப் போனது. ஆனால் சில நாட்களிலேயே அவளால் தனியாக நிற்க முடியாமல் போய்விட்டது. பிடித்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. கதவு திறந்தபடியே இருந்தது.

"மேடையை ஏத்தியாச்சா?" என்று அவ்வப்போது கேட்பாள். கொத்தனார் கிடைக்கவில்லை என்று பொய் சொல்வார். பொய் என்று அவளுக்குத் தெரியும். "பாவங்க அந்தப் பொண்ணு" என்பாள்.

அந்த ஒப்பந்தம் முடிவதற்கு வெகு முன்பே அவள் போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்தபின் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு மூலை வீட்டுக்குப் போனார். அந்தப் பெண், மேடை யாருக்கென்று கட்டியது என்பது உட்பட விஷயம் கேள்விப்பட்டு, அழுத முகத்தோடு நின்றாள். "சார், மேடை அப்படியே இருக்கட்டும். நான் சமாளிச்சுக்கறேன்" என்றாள்.

"இல்லம்மா. அவ சொல்லிட்டுப் போயிருக்கா."

கொத்தனார் சுத்தியலை எடுத்தார். "பழசை ஒடச்சிடவாண்ணே?"

"ஒடைக்காதே. அது மேலயே கட்டு."

மேடையை ஒட்டி, சுவரில் அந்தப் பென்சில் கோடு மங்கலாகத் தெரிந்தது. கொத்தனார் முதல் செங்கலை வைத்ததும் அது மறைந்தது. அவர் விறுவிறுவென்று குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். குழாய் சொட்டினாலே குடித்தனக்காரர்களிடம் சண்டைக்குப் போகிறவர், வெளியே சத்தம் கேட்கக் கூடாதென்று குழாயை முழுக்கத் திறந்துவிட்டார். வாளி நிரம்பி வழிந்து தண்ணீர் கதவுக்கு அடியில் வெளியே வந்தது. கொத்தனார் வந்து கதவைத் தட்டும்வரை அவர் அழுதுகொண்டே இருந்தார்.