பெருமாயியின் இருமல்

காலையில் ஒருத்தி "இருக்கியாக்கா?" என்று கேட்பதற்கு விலை ஓர் இருமல். மலைமேல் தேவனூர் நாட்டில், பள்ளத்து ஊரில் இருந்தவரை பெருமாயிக்கு அந்த விலை கட்டுப்படியானது. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. விடிந்ததும் அடுப்பு மூட்டுவாள், புகை வெளியேற வழியில்லாமல் குடிசைக்குள்ளேயே சுற்றும், இருமுவாள். தட்டிச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கண்ணாயி கேட்பாள். "இருக்கேன், இன்னும் போகலை" என்பாள் இவள். பத்து வருஷமாக இந்தக் கொடுக்கல் வாங்கல்.

மண்ணெண்ணெய்க்கு ரேஷன் சீட்டு வந்த வருஷம், ஈரத் தரையில் படுத்த மூன்று குழந்தைகள் ஒரே மழைக்காலத்தில் சளி கட்டிச் செத்தன. சர்க்காரை யாரும் தேடிப் போகவில்லை. மலையேறி வர சர்க்காருக்கு மூச்சு வாங்கும். ஊரே கூடி, மேட்டில் புது வீடு கட்டிக் குடிபோவதென்று முடிவு செய்தது. கல் போட்டு உயர்த்திய தரை. முகட்டடியில் புகை போக ஓட்டை. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே காற்றோட இடம். ஒவ்வொரு வீட்டுக்கும் மற்றவர்கள் ஆளுக்கு மூன்று நாள் உழைக்க வேண்டும். யாராவது கூடுதலாக உழைத்தால், வீட்டுக்காரர் அத்தனை நாளை அவருக்குத் திருப்பிச் செய்ய வேண்டும். பெரிய இருமல்காரருக்கு முதல் வீடு. பெருமாயி போட்டியில்லாமல் ஜெயித்தாள்.

மேட்டுக்கு வந்த இரண்டே மாதத்தில் இருமல் நின்றது. விசாரிக்கும் குரலும் நின்றது. கண்ணாயி இன்னும் பள்ளத்தில், நெஞ்சு இழுக்கும் மகளோடு தன் முறைக்குக் காத்திருந்தாள். மேட்டில் வேறு நாலு வீடு எழும்பியது. ஆனால் சுகமாக இருப்பவளை யார் விசாரிப்பார்கள்? பெருமாயி தன் அடுப்போடு பேசிப் பார்த்தாள். புகைகூட நிற்காமல் போய்விட்டது.

கண்ணாயி வீட்டுக்குக் கல் போட ஆட்கள் மேடேறிய அன்று, பெருமாயி இருமினாள். பழக்கம் விட்டுப்போனதால் முதல் இருமல் தும்மல் மாதிரி வந்தது. இரண்டாவது நன்றாக அமைந்தது. கண்ணாயி கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"ஏனக்கா, திரும்பியும் வந்துருச்சா?" என்று முதுகைத் தடவினாள்.

அந்தக் கைக்காக மூன்று நாள் இருமினாள். மூன்று நாளும் சூடாகச் சாமைக் கஞ்சி வந்தது. நாலாம் நாள் ஊர்க்கவுண்டர் சென்றாயன் வேலையை நிறுத்தினார். "மேட்டுலயும் இருமல் வருதுன்னா எதுக்குக் கல்லு சுமக்கோணும்? கண்ணாயி ஊடு வேண்டாம்."

கண்ணாயியின் இடுப்பிலிருந்த குழந்தைக்கு மூச்சு கர்ரென்று இழுத்தது. எல்லோருக்கும் கேட்டது.

"நிறுத்தாதீங்க கவுண்டரே," என்றாள் பெருமாயி. "அது பொய் இருமலுங்க."

"பொய் இருமலா?"

"ஆமாங்க. அசல் எப்பவோ போயிருச்சுங்க."

கூட்டம் சிரித்தது. கண்ணாயி சிரிக்கவில்லை. "எம் புள்ள இழுக்கறது உனக்கு விளையாட்டாப் போச்சாக்கா?" என்றாள். அதுதான் கடைசிப் பேச்சு.

வீடு எழும்பியது, கண்ணாயி இடம் மாற்றிக் கேட்டு வாங்கியபடி, மேட்டின் அந்தக் கோடியில். பெருமாயி மண் மிதித்தாள், சுவர் பூசினாள். போதும் என்று யாரும் சொல்லவில்லை; வா என்றும் சொல்லவில்லை. இப்போது காலையில் தண்ணீருக்குப் போகும்போது அந்தச் சுவரோரம் கொஞ்சம் நிற்பாள். உள்ளே இழுப்புச் சத்தம் இல்லை. நடந்துவிடுவாள்.

அவள் வீட்டுச் சுவரில் கரிக்கோடு இருக்கிறது. கண்ணாயி வீட்டுக்கு உழைத்தது ஏழு நாள். முறைக்கு மூன்று கழிந்தது. கண்ணாயி வந்து திருப்ப வேண்டியது நாலு நாள். வந்தது, இன்றுவரை, ஒன்றுமில்லை.