வாய் திறக்காத பட்டை

மணிக்கட்டில் கட்டும் இதயத்துடிப்புப் பட்டைக்குள் ஓடும் மென்பொருளை எழுதியவள் அவள்தான். துடிப்பு தடுமாறினால் பட்டை அலறும். பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்று, துடிப்பைப் பார்க்கும் இடைவெளியை நீட்டச் சொன்னார் மேலாளர்.

"நடுவுல ஒருத்தர் மயங்கி விழுந்தா பட்டைக்குத் தெரியவே தெரியாது சார்," என்று மன்றாடினாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். ஒப்புதல் தர மறுத்தவளை வேறு பிரிவுக்குத் தூக்கியடித்துவிட்டு, இடைவெளியை நீட்டியே பட்டையை விற்றார்கள்.

ஏற்கெனவே ஒருமுறை நெஞ்சுவலி கண்ட அண்ணன், அந்தப் பட்டையையே கட்டிக்கொண்டு பெருமையாக வந்து நின்றான்.

"அதை நம்பாதேண்ணா, கழட்டிடு. அவசரத்துக்கு அது உதவாது."

"ஓரங்கட்டிட்டாங்கன்னு ஆத்திரத்துல பேசுறே," என்று அண்ணி சிரித்தாள். தங்கை தலைகீழாக நின்றும் அண்ணன் கேட்கவில்லை.

மறுமாதம் அவன் குளியலறையில் விழுந்தான். பட்டை வாய் திறக்கவில்லை. அண்ணி கதவை உடைத்துப் பார்த்தபோது உயிர் இருந்தது. பேச்சு போய்விட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தவளை மேலாளர் போனில் அழைத்தார். "நிறைய புகார் வருதும்மா. உங்க பழைய வெர்ஷனை அனுப்பிடுங்க. வெளியில மூச்சு விடாதீங்க."

அவரைத் திட்ட நாக்கு துடித்தது. ஆனால் பட்டையைக் கட்டியிருக்கும் மற்றவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? பல்லைக் கடித்துக்கொண்டு அனுப்பிவைத்தாள்.

அண்ணனுக்கு ஸ்பூனால் பால் புகட்டிக்கொண்டிருந்தபோது நிறுவனத்தின் அறிவிப்பு வந்தது. பயனர் நலனுக்காக மேலாளர் எடுத்த முன்முயற்சியை எல்லோரும் பாராட்டியிருந்தார்கள். அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அண்ணனின் கடைவாயில் வழிந்த பாலைத் துடைத்தாள்.