நலுங்காத புத்தகங்கள்

பாகூர்ப் பக்கத்தில் உள்ள கிளை நூலகத்துக்குக் கணவர் தமிழ்க்குமரனின் புத்தகங்களைச் செல்வகுமாரி கொடுத்தது, அவர் இறந்த மறு வருடம். கரும்பு வெட்டுக்கும் நெல் அறுப்புக்கும் நடுவே கிடைத்த நேரமெல்லாம் படித்தவர். அட்டை போட்டு, பக்கம் நலுங்காமல் படிப்பார். எல்லாம் கடையில் வாங்கியபடியே இருந்தன. கண்ணாடி பீரோவின் மேல்தட்டு முழுக்க அவர் பெயர்.

அடுத்த மாதமே கீழ்த்தட்டில் உஷாராணி கொடுத்த புத்தகங்கள் வந்து உட்கார்ந்தன, அவள் அப்பா ஆதிமூலத்தின் பெயரில். ஆதிமூலம் கடைசிவரை செல்வகுமாரியின் நிலத்தில் வேலை செய்தவர். மகள் இப்போது அரியூரில் நர்ஸ். சின்ன வயதில் 'அம்மா' என்று கூப்பிட்டவள், வேலைக்குப் போனதும் 'அக்கா' என்றாள். அதுவே செல்வகுமாரிக்கு உறுத்தல்.

ஆதிமூலத்தின் புத்தகங்கள் பீரோவில் தங்கவே இல்லை. முனை மடங்கி, தையல் விட்டு, குழம்புக் கறையோடு திரும்பி வந்து மறுபடி போயின.

"இன்னாமா பண்றது, ஒட்ட ஒட்டப் பிச்சிட்டு வராங்க" என்று நூலகர் வெண்ணிலா சிரித்தபடி பசை தடவுவாள். தமிழ்க்குமரனுடையவை நட்ட கல் மாதிரி நின்றன. அந்தக் கிழிசல்களைப் பார்க்கப் பார்க்கச் செல்வகுமாரிக்கு வயிறு எரிந்தது.

ஐப்பசியில் ஒரு நாள் பேப்பர் படிக்கிற சாக்கில் போய் உட்கார்ந்தாள். வெண்ணிலா டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, கணவரின் புத்தகங்களை எடுத்து முதுகு முறிய விரித்தாள். முனைகளை மடித்தாள். பலர் கைபட்டதுபோல் தெரியட்டும் என்று, பாட்டில் தண்ணீரில் கையை நனைத்து ஓரங்களில் தேய்த்தாள். பீரோவை மூடிவிட்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

அந்த வாரம் விடாத மழை. நூலகம் பூட்டியே கிடந்தது. பிறகு பீரோவைத் திறந்தபோது நாற்றம் குப்பென்று அடித்தது. மேல்தட்டில் பிடித்த பூஞ்சணம் கீழ்த்தட்டுக்கும் இறங்கியிருந்தது.

செய்தி கேட்டுச் செல்வகுமாரி ஓடினாள். அங்கே உஷாராணி மாஸ்க் போட்டுக்கொண்டு, ஃபேனுக்கடியில் புத்தகங்களை விரித்து, காய்ந்த துணியால் பக்கம் பக்கமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். முதலில் எடுத்தது தமிழ்க்குமரனுடையவற்றை.

"கூரையும் ஒழுவல. ஈரம் எங்கேர்ந்து வந்துச்சின்னே தெரியலமா. ஐயா புக்குல நாலு தேறாது" என்றாள் வெண்ணிலா.

செல்வகுமாரி கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

உஷாராணி ஒரு புத்தகத்தை நீட்டினாள். "அக்கா, இத நான் எடுத்துட்டுப் போவட்டா? தொடைக்கும்போது ரெண்டு பக்கம் படிச்சேன், கீழ வைக்க முடியல. ஐயா வரப்புல ஒக்காந்து புக்கு படிச்சி அப்படிச் சிரிப்பாருன்னு அப்பா சொல்லும். இதத்தான் படிச்சிருப்பாரு போல."

செல்வகுமாரிக்குச் சுரீரென்றது. அவரோடு முப்பது வருடம் வாழ்ந்தவள் அவள். எதைப் படித்துச் சிரித்தார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவர் சிரித்ததே இவள் அப்பனுக்குத்தான் தெரிந்திருக்கிறது. நாளைக்கு ஏன் சிரித்தார் என்பதும் இவளுக்குத் தெரிந்துவிடும்.

"குடு" என்று பிடுங்காத குறையாக வாங்கினாள். "மொதல்ல நான் படிச்சிக்கிறேன். அப்பறம் நீ எடுத்துக்க."

வெளியே மறுபடி தூறல் பிடித்திருந்தது. புத்தகத்தை முந்தானைக்குள் பொத்திக்கொண்டு வேகமாக நடந்தாள்.