முதல் எட்டுப் பக்கம் இல்லாத புத்தகம்

செருப்புத் தொழிற்சாலையை மூடியபோது எனக்கு வயது நாற்பத்தொன்று. பதினேழு வருஷம் தோல் வெட்டிய கை. இனிமேல் செடி வெட்டலாம் என்று முடிவு செய்து, மூன்று மாத வகுப்புக்குப் போய்த் தோட்ட வேலைக்கு ஒரு சான்றிதழும் வாங்கிவிட்டேன். வகுப்பு எடுத்தவர் கடைசி நாளில், "நான் சொல்லிக் குடுத்தது கைப்பிடி அளவுதான். மிச்சத்தைப் புத்தகத்தைப் பாத்துக் கத்துக்குங்க" என்று கை கழுவிவிட்டார்.

புத்தகக் கடையில் தோட்டப் புத்தகம் எல்லாம் யானை விலை. வழவழத் தாள், பக்கத்துக்குப் பக்கம் படம். தொட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். நூலகத்தில் இருந்தது ஒன்றே ஒன்று, அதையும் எந்தப் புண்ணியவானோ எடுத்துப்போய்த் திருப்பித் தரவில்லை. நடைபாதைக் கடைகளில் சமையல் புத்தகம் இருந்தது, சோதிடம் இருந்தது, பணக்காரர் ஆவது எப்படி என்று சொல்கிற புத்தகம் பதினொன்று இருந்தது. செடி வளர்ப்பதற்கு ஒன்றுமில்லை.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுடி" என்றாள் அக்கா. "அப்ப நீ வந்து சொல்லிக் குடு" என்றேன். தொட்டியில் வைத்த துளசியையே காயவிட்டவள் அவள்.

கடைசியில் பழைய பேப்பர் கடையில்தான் கிடைத்தது. ஜனவரியில் தொடங்கி மாதம் மாதமாக, எந்தச் செடிக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிற தடிப் புத்தகம். "அட்டை இல்ல, முன்னாடி எட்டுப் பக்கமும் இல்ல. பொட்டலம் மடிக்கத்தான் வெச்சிருந்தேன், பாத்துக் குடுங்க" என்றார் கடைக்காரர். முதல் எட்டுப் பக்கத்தில் என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது, பத்துப் பேருக்கு நன்றி சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். ஒரு டீ குடிக்கிற காசுதான் கொடுத்தேன். அன்றைக்கு என்னைவிடக் கெட்டிக்காரி ஊரில் யாரும் இல்லை என்று எனக்கு நினைப்பு.

முதல் வேலை ஒரு ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் வீட்டில் கிடைத்தது. சின்ன வீடு. பின்பக்கம் ஒரு ஜன்னல், அதைச் சுற்றிச் சுவர் முழுக்கக் கொடி ரோஜா. வருஷத்துக்கு ஒரு தடவை, மே மாதம், மூன்று வாரம் பூக்கும். நட்டவர் அவர் மனைவி, முப்பது வருஷத்துக்கு முன்னால். அந்த அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சுப் போய்விட்டது, வலது கையும் போய்விட்டது. அந்த ஜன்னலுக்கு உள்ளேதான் கட்டில்.

"டாக்டர் அடுத்த வருஷத்தைப் பத்திப் பேசவே மாட்டேங்கறாரும்மா" என்றார் டிரைவர் ஐயா. "இந்த மே மாசம் அவ பூவைப் பாத்துடணும். அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன். எனக்கு ஸ்டியரிங் பிடிக்கத் தெரியும், கத்தரி பிடிக்கத் தெரியாது."

"என்கிட்ட விட்டுடுங்கய்யா" என்றேன். அந்த வாய்க்குச் சூடு போட வேண்டும்.

ஜனவரி இரண்டாம் வாரம் ஏணி போட்டு ஏறினேன். புத்தகத்தைக் கோணியில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். "ஜனவரி: கொடி ரோஜா பூத்து ஓய்ந்திருக்கும். பூத்த பழைய தண்டுகளைத் தரையோடு வெட்டி எடுக்கவும்" என்று தெளிவாகப் போட்டிருந்தது. கொடியைப் பார்த்தேன். எங்கள் ஊர்க் குளிரில் ஒரு இலை கூட இல்லை. ஓய்ந்துதான் இருந்தது. தோல் வெட்டின கை, சுத்தமாக வெட்டும். வெட்டினேன்.

பாதி வேலையில் ஜன்னல் கண்ணாடியில் டக் டக் என்று சத்தம் கேட்டது. அந்த அம்மா இடது கையில் ஸ்பூனை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். நான் சிரித்துக் கையாட்டினேன். அவர் இன்னும் வேகமாகத் தட்டினார். என்னை உற்சாகப்படுத்துகிறார் என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, "எல்லாம் புத்தகத்துல இருக்கும்மா, கவலைப்படாதீங்க" என்று கத்தினேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றுவிட்டது. நானும் வெட்டி முடித்துவிட்டு, கூட்டிப் பெருக்கி, ஐயா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

பரீட்சைக்கு முந்தின நாள் படிக்கிற பிள்ளை மாதிரி, அந்தந்த மாதத்தை அந்தந்த மாதம்தான் படிப்பேன். பிப்ரவரி பிறந்ததும் பிப்ரவரியைத் திறந்தேன். "வெயில் கொளுத்தும். செடிகளுக்கு இரண்டு வேளை தண்ணீர் விடவும், நிழல் கட்டவும்." நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பப் படித்தேன். டிசம்பரைப் புரட்டினேன்: கோடை. ஜூலையைப் புரட்டினேன்: உறைபனி. புத்தகம் எழுதினவர் பூமிப் பந்தின் அந்தப் பக்கம், நமக்குக் குளிர் என்றால் அவர்களுக்குக் கோடையாக இருக்கிற நாட்டில் இருந்தவர். எந்த நாட்டுக்கு எழுதினார் என்பது அந்த எட்டுப் பக்கத்தில் இருந்திருக்கும். அவர் ஊரில் ஜனவரி, பூ முடிந்த மாதம். இங்கே மே மாதம் பூக்க வேண்டிய தண்டை எல்லாம் நான் குப்பைக்கு அனுப்பியிருந்தேன்.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன், அதையும் மறைக்கப் போவதில்லை. மூன்றாம் நாள் போய்ச் சொல்லிவிட்டேன். ஐயா திட்டுவார், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்பார் என்று நின்றேன். அவர் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னிக்கு அவ தட்டினது எனக்கும் கேட்டுதும்மா" என்றார். "பசிக்குதுன்னு நெனச்சேன். சூப் கொண்டுபோய் ஊட்டினேன். வேணாம் வேணாம்னு தலையை ஆட்டினா. அடம் பிடிக்காதேன்னு அதட்டி ஊட்டினேன்."

நான் அழுதேன். அவர் அழவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

உள்ளே போய் அந்த அம்மாவின் கட்டில் பக்கத்தில் நின்றேன். மன்னிச்சிடுங்க என்று சொன்னேனோ, உளறினேனோ தெரியாது. அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. ஒரு வார்த்தை பேச முடியாத மனுஷி, தன்னால் முடிந்த ஒரே வழியில் கூப்பிட்டுச் சொன்னார். நானோ புத்தகத்தைத் தூக்கிக் காட்டினேன்.

மே மாதம் கொடியில் இளந்தளிர்தான் வந்தது, பச்சைப் பசேல் என்று ஆள் உயரம். மொட்டு ஒன்று கூட இல்லை. மனசு கேட்காமல், நாற்றுப் பண்ணையிலிருந்து பூத்த ரோஜாத் தொட்டிகள் ஆறு வாங்கிவந்து ஜன்னலுக்கு வெளியே அடுக்கினேன். ஐயா அந்த அம்மாவைத் தலையணையில் சாய்த்து உட்கார வைத்து, "பாரு, பூத்திருக்கு பாரு" என்றார். முப்பது வருஷம் வளர்த்தவருக்கா தெரியாது? ஒரு தடவை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் ஐயாவின் கையை விடவில்லை. தொட்டிகளை எடுத்துப்போகச் சொல்லி ஐயா எனக்குக் கண்ணைக் காட்டினார்.

செப்டம்பரில் அந்த அம்மா போய்விட்டார்.

இப்போது எனக்கு ஒன்பது வீடு. கை தேறிவிட்டது, எல்லோரும் நல்ல தோட்டக்காரி என்கிறார்கள். சொல்லும்போதெல்லாம் எனக்கு எரிகிறது. போன மே மாதம் டிரைவர் ஐயா போன் செய்தார், ஒரு வேலை இருக்கிறது, ஏணியோடு வாருங்கள் என்று.

பின்பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். அடியோடு வெட்டினதில் புதுத் தண்டுகள் கிளம்பி, அத்தனையும் பூத்திருந்தன. சுவர் தெரியவில்லை. ஜன்னல் பாதி மூடிப்போயிருந்தது. முப்பது வருஷத்தில் இப்படிப் பூத்ததே இல்லை என்று ஐயாவே சொன்னார். உள்ளே கட்டில் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

"இது திரும்ப வராத மாதிரி வெட்டணும்மா" என்றார். "அதுக்கு எந்த மாசம் நல்லது?"

"வேரோட எடுத்தா எந்த மாசமா இருந்தாலும் சரிதான்யா" என்றேன். "ஆனா இன்னும் ரெண்டு வாரம் பூ நிக்கும். பூ முடியட்டுமே. அப்புறம் வந்து எடுத்துடறேன்."

"முடியறவரைக்கும் யாரும்மா பாக்கறது?" என்றார்.

ஏணியைச் சுவரில் சாய்த்தேன். அவர் வந்து அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, தலை குனிந்து நின்றார்.