ஏழாவது முறை

விளம்பர அலுவலகத்தில் அவனுக்குத் தூண்டில் என்று பெயர். அவன் எழுதிய தலைப்பில் கண் பட்டவர்கள் கீழே இருப்பதையும் படித்து, பொருளை வாங்கிவிட்டுத்தான் எழுவார்கள் என்று முதலாளியே வைத்த பெயர். அவனுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மீனிடம் யார் கேட்டார்கள்?

தொழிலில் அவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஊருக்கெல்லாம் எழுத மாட்டான். ஒரே ஒரு ஆளை மனதில் உட்காரவைத்து, அவரோடு மட்டும் பேசுவான். கண்ணுக்கான மூலிகைச் சொட்டுக்கு விளம்பரம் கேட்டபோது, வீட்டிலேயே தையல் வேலை செய்யும் அக்காவை உட்காரவைத்தான். "ஏழு முறை முயன்றும் ஊசியில் நூல் ஏறவில்லையா?" என்று தலைப்பு வந்து விழுந்தது. எது விற்கிறது என்று பார்க்க, முதலாளி எழுதியிருந்த 'தெளிவான பார்வைக்கு இயற்கையின் வரம்' பாதிப் பேருக்கும், இவனுடையது மீதிப் பேருக்கும் போனது. இவனுடையது நான்கு மடங்கு விற்றது. அந்தத் தண்ணீரால் யார் கண்ணும் தெளியாது என்று அவனுக்குத் தெரியும். 'கெடுதலும் செய்யாதுதானே' என்று மனசாட்சியைத் தட்டித் தூங்கவைத்தான்.

மூன்று மாதம் கழித்து அக்கா வீட்டுக்குப் போனான். கதவைத் திறந்தவள் திரும்பி நடக்கையில் நாற்காலியில் இடித்துக்கொண்டாள். தையல் மெஷின் மேல் அந்த மூலிகைச் சொட்டின் பச்சைக் குப்பி இருந்தது. பக்கத்தில் காலியானவை ஐந்து.

"அக்கா, கண் அழுத்தத்துக்கு டாக்டர் குடுத்த சொட்டு எங்க?"

"அது எரியுதுடா, விட்டுட்டேன். போன்ல இந்த விளம்பரம் வந்துச்சு. பக்கத்துல உக்காந்து என்னையே பாத்து எழுதின மாதிரி இருந்துச்சு. ஏழு தடவைன்னுகூடச் சரியாப் போட்டிருந்தாங்க. அவ்வளவு தெரிஞ்சவங்க பொய்யா சொல்லுவாங்க?"

அப்போதே அவளை ஆட்டோவில் ஏற்றிக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். டாக்டர் வெகுநேரம் பார்த்தார்.

"மருந்தை நிறுத்தினதால கண்ல அழுத்தம் ரொம்ப ஏறிடுச்சும்மா. இடது கண்ல போன பார்வை இனிமே திரும்பாது. இருக்கறதையாவது காப்பாத்தலாம்."

வெளியே பெஞ்சில் அக்கா புதுச் சொட்டு மருந்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சொல்லாமல் விட்டால் அவளுக்கு எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை. அந்த நினைப்பு வந்ததற்கே அவன் வெட்கப்பட்டான்.

"அக்கா, அந்த விளம்பரத்த எழுதினது நான்தான்."

அவள் திட்டுவாள், ஓங்கி ஒன்று வைப்பாள் என்று காத்திருந்தான். வைத்திருந்தால் தேவலை. அவள் அவன் முகம் இருக்கும் பக்கமாகத் தலையைச் சாய்த்து, நல்ல கண்ணால் தேடிப் பார்த்தாள்.

"அந்த ஏழு?"

"போன தடவை வந்தப்ப சோபாவுல உக்காந்திருந்தேன்ல... நீ நூல் கோத்துக்கிட்டு இருந்தே. எண்ணினேன்."

அக்கா குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"ஏழு தடவையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தியா? எந்திரிச்சு வந்து கோத்துக் குடுத்திருக்கலாமேடா."