கெட்டி எலும்பு

டாக்டரம்மா சாக்கின் கட்டை அவிழ்த்து, எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் விரித்திருந்த வெள்ளைத் துணிமேல் வைத்தார். கலையரசி அப்பா சின்னக்கண்ணுவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியின் அந்தப் பின்கட்டு அறையில் பினாயில் நெடி அடித்தது.

"மொதல்ல இத ஆம்பளைன்னுதான் எழுதிட்டாங்க. எலும்பு அவ்ளோ கெட்டி. தசை ஒட்டுன எடமெல்லாம் மேடு தட்டி இருக்குது பாருங்க."

சின்னக்கண்ணு பார்த்தார். "எம் பொண்டாட்டி கெணத்து வேலையில கல்லு சொமப்பாம்மா. ரெண்டு ஆம்பள தூக்குறத ஒருத்தியா தூக்குவா."

போன வருஷம் இடஒதுக்கீடு கேட்டுச் சாலைமறியல் நடந்தபோது, அவர் மனைவி ஆயம்மாள் வெள்ளிமலையில் சாமை அறுப்பில் இருந்தாள். மரங்களை வெட்டிச் சாலையில் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை. மகளுக்குக் காய்ச்சல் என்று யாரோ சொல்ல, காட்டுப்பாதையில் தனியாக இறங்கினாள். அடிவாரத்தில் இருந்த சொந்த ஊர் வடக்கனந்தலுக்கு வந்து சேரவில்லை. ஜீப் டிரைவரோடு ஓடிவிட்டாள் என்றது தெரு. அவளுடைய அண்ணன் அம்மாசியே, "அவ பேச்ச என் வூட்ல எடுக்காதீங்க" என்றுவிட்டார். பிறகு மலைச்சரிவின் ஓடையில் எலும்புகள் கிடைத்தபோது, ஆண் என்று சொன்னதால் இவர்களை யாரும் கூப்பிடவில்லை.

"அப்புறம் எப்படிங்க தெரிஞ்சிது?" என்று கேட்டாள் கலையரசி.

"எனக்கு இடுப்பெலும்பு மேல சந்தேகம். எல்லா அளவும் எடுத்து மெட்ராசுக்கு அனுப்பினேன். அங்க கம்ப்யூட்டர்ல, ஆம்பள பொம்பளன்னு ஏற்கெனவே தெரிஞ்ச எலும்புங்களோட அளவு நெறைய போட்டு வெச்சிருக்காங்க. அதுங்களோட சேத்துக் கணக்குப் பண்ணி, இது எந்தப் பக்கம் சேருதுன்னு சொல்லும்."

"தப்பா சொல்லாதுங்களா?"

"எப்பவாச்சும் சொல்லலாம். இது சந்தேகமில்லாம பொம்பளப் பக்கம் விழுந்திச்சு. நாம கெட்டியப் பாத்து ஏமாந்துட்டோம். அது ஏமாறல." டாக்டரம்மாவின் குரலில் வியப்பு இருந்தது. "அதுக்கப்புறம்தான் காணாமப்போன பொம்பளைங்கள விசாரிச்சாங்க. எடது கையில ஒடஞ்சு கூடுன தழும்பு இருக்குது."

"கெணத்துல வுழுந்தா. மறு மாசமே வேலைக்குப் போயிட்டா," என்றார் சின்னக்கண்ணு. தோள் துண்டை எடுத்து அந்த எலும்பின்மேல் மெல்லப் போர்த்தினார்.

ஊருக்கு வந்ததும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. மூட்டையை நெஞ்சோடு அணைத்தபடி அம்மாசியின் வாசலில் போய் நின்றார்.

"மச்சான், ஒங்க தங்கச்சி எங்கியும் ஓடல. புள்ளயப் பாக்கத்தான் வந்துக்கினு இருந்திருக்கா."

அம்மாசி மூட்டையைப் பார்த்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர், பொழுது சாய்வதற்குள் பிறந்த வீட்டுக் கோடியோடு வந்தார். அரக்குப் புடவை. தெருப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து மஞ்சளும் குங்குமமும் வைத்தார்கள். யாரும் நிமிர்ந்து கலையரசியைப் பார்க்கவில்லை.

சுடுகாட்டில் குழி தயாராக இருந்தது. மூட்டைக்கு ஏற்றபடி சின்னதாக வெட்டியிருந்தார்கள்.

சின்னக்கண்ணு எட்டிப் பார்த்தார். "இன்னாப்பா, கொழந்தைக்கா வெட்னீங்க? கட்டில் பத்தாம காலை மடக்கிக்கினே படுத்தவ. நீட்டமா வெட்டுங்க."

வெட்டியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மாசி சட்டையைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் இறங்கி மண்வெட்டியை வாங்கினார். கலையரசி தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு கூடையை நீட்டினாள்.