தாடைக்குள் பாசிமணி

எக்ஸ்ரேயில் கீழ்த்தாடையின் இடப்பக்கம் குருணை இறைத்ததுபோல வெள்ளை வெள்ளையாகத் தெரிந்ததும் தையற்காரிக்கு உயிர் வந்தது. மணிகள்! கல்யாண உடுப்புக்குப் பாசிமணி கோக்கும்போது ஒரு பிடியை வாயில் அதக்கிக்கொள்வது அவள் வழக்கம். வீக்கம் கண்ட நாளிலிருந்து புற்றுநோயோ என்று செத்துச் செத்துப் பிழைத்தவளுக்கு மணி என்றால் வரப்பிரசாதம் அல்லவா?

"டாக்டரம்மா, மறைக்காமச் சொல்லிடறேன். அது என் மணிதான். எப்படியோ உள்ள போயிடுச்சு."

கூட வந்த தங்கை துள்ளி எழுந்தாள். "அடிப்பாவி! மணி காணோம்னு என்னையில்ல திட்டின?"

டாக்டரம்மா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். "மணியில்லம்மா. எல்லாம் பல்லு."

"பல்லா?"

"குட்டிக் குட்டிப் பல்லு. இதுவும் ஒரு கட்டிதான்..."

கட்டி. தையற்காரி தாடையைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"பயப்படாதீங்க, புற்றுநோய் மாதிரி தெரியல. ஒரு பல்லு முளைக்க வேண்டிய இடத்துல வழி தவறி வளர்ந்திருக்கு. இப்படி வீங்கற அளவுக்கு வர்றது அபூர்வம். எலும்புல சின்னதா ஜன்னல் திறந்து, உறையோட எடுத்துடலாம். பள்ளம் தானா நிரம்பிடும். எடுத்ததை லேபுக்கு அனுப்பி உறுதி பண்ணிக்குவோம்."

"தாடைய அறுக்க வேண்டாமா?"

"வேண்டாம்."

அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அவளால் நிறுத்த முடியவில்லை. இத்தனை நாள் சாவு என்று மடியில் கட்டிக்கொண்டு திரிந்தது, கடைசியில் ஒரு பிடி குட்டிப் பல்லா! தங்கையும் சேர்ந்துகொண்டாள். வெளியே காத்திருந்தவர்கள் கதவைப் பார்த்தார்கள்.

அறுவை முடிந்தது. தையல் பிரிக்கப் போன அன்று லேப் முடிவும் வந்திருந்தது: கெட்டது எதுவுமில்லை. பிரிப்பதற்கு முன் கண்ணாடி கேட்டு வாங்கி, உதட்டை விலக்கி, ஈறை உற்றுப் பார்த்தாள்.

"தையல் கொஞ்சம் அகலம்," என்றாள் குழறிக்கொண்டே. "ஆனா முடிச்சு சுத்தம்."

"பொழச்சேன்," என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்கு வந்ததும் தங்கை மெல்ல ஆரம்பித்தாள். "ஏன்க்கா, எக்ஸ்ரே எடுக்கப் போன அன்னிக்கு அழுதுக்கிட்டே ஒண்ணு சொன்னியே. தையல் மெஷின் இனிமே உனக்குத்தான்னு?"

தையற்காரி வீக்கம் முழுசும் வடியாத கன்னத்தோடு குனிந்து, இரண்டு கைகளாலும் தையல் மெஷினைக் கட்டிக்கொண்டாள்.